மரபணு மாற்றிய கோழிகளில் புகுத்திய மரபணுவைச் சந்ததிக்குக் கடத்துவது எப்படி?

ஒரு கோழியின் உடலுக்குள் புதிய மரபணுவைச் சேர்ப்பது வேறு. அந்த மரபணு அதன் குஞ்சுகளுக்கும், அந்தக் குஞ்சுகளின் குஞ்சுகளுக்கும் பிசகாமல் போய்ச் சேர்வது வேறு. முதலாவதை ஒரு சில வாரங்களில் செய்துவிடலாம். இரண்டாவதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும்; ஆய்வுக் குழுக்கள் பெரும்பாலும் தடுமாறுவதும் அங்கேதான். புகுத்திய அடையாள மரபணுவால் புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும் ஒரு குஞ்சைக் கண்டதும் வேலை முடிந்துவிட்டதாக மகிழ்ந்துபோகும் மாணவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அந்தக் குஞ்சின் கால்களும் அலகும் ஒளிர்வது அதன் விந்தகத்திலோ அண்டகத்திலோ என்ன இருக்கிறது என்பதைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

கோழியில் இது ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் ஒவ்வொரு படியின் காரணமும் விளங்கும். எலியிலும் முயலிலும் கருவுற்ற ஒற்றைச் செல்லை வெளியே எடுத்து, அதன் உட்கருவுக்குள் டி.என்.ஏ.வை ஊசியால் செலுத்தி, மீண்டும் கருப்பையில் வைக்க முடிகிறது. கோழியில் கருவுறுதல் சினைக்குழாயின் மேல் முனையில் நடக்கிறது. அதன்பின் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் முட்டை உடலுக்குள்ளேயே நகர்ந்து, வெள்ளைக்கருவும் ஓடும் பெறுகிறது. அந்த நேரம் முழுவதும் கரு பிளவுபட்டுக்கொண்டே இருப்பதால், நம் கைக்கு வரும் புது முட்டையில் 40,000 முதல் 60,000 செல்கள் வரை கொண்ட கருத்தட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கும். போதாக்குறைக்கு, பறவைகளில் ஒரே அண்டத்துக்குள் பல விந்தணுக்கள் நுழைவது இயல்பு. பெரிய மஞ்சள்கருவின் மேல் மிதக்கும் உட்கருவைக் கண்ணால் கண்டு குத்துவதும் எளிதன்று. 1994ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்கள் கருவுற்ற ஒற்றைச் செல் நிலையிலேயே டி.என்.ஏ.வைச் செலுத்தி, ஓட்டுக்கு வெளியே கருவை வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். பருவம் எய்திய ஏழு பறவைகளுள் ஒரே ஒரு சேவல்தான் மரபணுவைக் கடத்தியது. அதுவும் அதன் சந்ததியில் 3.4 விழுக்காட்டுக்கு மட்டுமே. வீண் முயற்சி என்று அதைச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வழியில் இன்று யாரும் தொடங்க வேண்டியதில்லை.

ஆகவே கோழியில் நாம் உருவாக்கும் முதல் பறவை, அதாவது தொடக்கப் பறவை, எப்போதும் கலப்புச் செல் பறவைதான். அதன் சில செல்களில் புதிய மரபணு இருக்கும், பலவற்றில் இருக்காது. இருக்கும் செல்கள் தோலிலும் தசையிலும் குடலிலும் மட்டும் இருந்தால் அந்த மரபணு அந்தப் பறவையோடு முடிந்துபோகும். விந்தணுவாகவோ அண்டமாகவோ மாறப்போகும் இனச்செல்களில் இருந்தால் மட்டுமே அது அடுத்த தலைமுறையை அடையும். செயல்திட்டம் முழுவதையும் இந்த ஒரு புள்ளியை மையமாக வைத்தே வகுக்க வேண்டும். எந்த முட்டையையும் திறப்பதற்கு முன்பே, நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடமும் விலங்கு நெறிக்குழுவிடமும் பெறவேண்டிய ஒப்புதல்களைப் பெற்று, எத்தனை பறவைகளை வளர்க்கப்போகிறோம், மரபணு கடத்தாதவற்றை என்ன செய்யப்போகிறோம் என்பதையும் எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

இன்று நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. புது முட்டையின் கருத்தட்டுக்குக் கீழே உள்ள சிறு குழிக்குள், தன் மரபணுவைச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகும் வைரஸான லென்டிவைரஸை, தானாகப் பெருக முடியாதபடி முடக்கிச் செலுத்துவது முதல் வழி. வைரஸ் எந்தச் செல்லைத் தொற்றுகிறது என்பது நம் கையில் இல்லை. வருங்கால இனச்செல்கள் சிலவும் அதில் சிக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் இது நடக்கிறது. 2004இல் ரோஸ்லின் குழுவினர் இம்முறையில் உருவாக்கிய முதல் சேவல்கள் 4 முதல் 45 விழுக்காடு வரை மரபணுவைக் கடத்தின. பழைய ரெட்ரோவைரஸ் முறைகளோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். எனினும் வைரஸ் சுமக்கக்கூடிய டி.என்.ஏ.வின் நீளத்துக்கு வரம்பு உண்டு. ஒவ்வொரு இனச்செல்லிலும் செருகல், அதாவது குரோமோசோமில் புகுந்த புதிய மரபணு, வெவ்வேறு இடத்தில் அமைவதால், ஒரே சேவலின் குஞ்சுகள்கூடத் தனித்தனி வம்சங்களாகிவிடுகின்றன.

இரண்டாவது வழியில், இனச்செல்கள் இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் நேரத்தில், கருவின் இரத்தக் குழாய்க்குள்ளேயே டோல்2 போன்ற, குரோமோசோமுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டான டிரான்ஸ்போசானைக் கொழுப்புத் துகள்களில் பொதிந்து நேரடியாகச் செலுத்துகிறார்கள். செல் வளர்ப்புக்கூடம் இல்லாதவர்களுக்கு இது பொருந்தும். மூன்றாவது வழியில், இனச்செல்களை வெளியே எடுத்து, வளர்த்து, மாற்றி, சோதித்துப் பார்த்த பின்னரே வேறொரு கருவுக்குள் வைக்கிறார்கள். 2006இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நீண்ட நாள் வளர்த்து மரபணு மாற்றிய இனச்செல்கள் அடுத்த தலைமுறைக்குப் போவதை நிறுவிய பிறகு, இத்துறையின் போக்கே மாறிவிட்டது. எந்த இடத்தில், எத்தனை பிரதிகள், எந்த மாற்றம் என்பதைக் குஞ்சு பிறப்பதற்கு முன்பே அறிந்துகொள்ள முடிவது இதில் மட்டுமே. தொடக்க உழைப்பு மிகுதியாக இருந்தாலும், பின்னால் வளர்க்க வேண்டிய பறவைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். இனி வருவன யாவும் இந்த மூன்றாவது வழியைச் சார்ந்தவை. இனச்சேர்க்கைச் சோதனை பற்றிய பகுதிகள் மட்டும் மூன்று வழிகளுக்கும் பொது.

இனச்செல்களை எடுப்பதும் மாற்றுவதும்

தொடக்க இனச்செல்கள் எனப்படுபவை விந்தணுவுக்கும் அண்டத்துக்கும் மூதாதைகள். பாலூட்டிகளில் இவை திசுக்களின் ஊடாக ஊர்ந்து செல்கின்றன. பறவைகளிலோ கருவின் தலைப்பக்கத்தில் பிறை வடிவில் திரண்டு, இரத்த ஓட்டத்தில் ஏறிப் பயணம் செய்து, பின்னர் இனச்சுரப்பி உருவாகும் இடத்தில் இறங்கிக் குடியேறுகின்றன. இந்தப் பயணம்தான் நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அடைகாப்பு தொடங்கி ஏறத்தாழ 50 முதல் 56 மணி நேரத்தில், அதாவது கோழிக்கருவின் வளர்ச்சியைக் குறிக்கும் ஹாம்பர்கர்–ஹாமில்டன் படிநிலை 14 முதல் 16 வரை, கருவின் முதுகுப் பெருந்தமனியிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் இரத்தத்தை எடுத்தால் அதில் இந்தச் செல்கள் இருக்கும். சிவப்பணுக்களைவிடப் பெரியவை, கிளைக்கோஜன் நிறைந்தவை, உருண்டையாகத் தனித்து மிதப்பவை. பயணம் முடிந்தபின் எடுக்க வேண்டுமானால் ஐந்தாறு நாள் கருவின் இனச்சுரப்பியிலிருந்தும் எடுக்கலாம்.

ஒவ்வொரு கருவின் இரத்தத்தையும் தனிக் குழியில் வளர்க்க வேண்டும். ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. வளர்ப்பு ஊடகத்தைப் பொறுத்தவரை, 2015இல் வெளிவந்த ஆய்வு இச்செல்களுக்கு இன்றியமையாதவை ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி, இன்சுலின், ஆக்டிவின் வகைச் சமிக்ஞை ஆகிய மூன்றும்தான் என்று காட்டியது. கால்சியம் குறைவாகவும் ஊடகத்தின் செறிவு வழக்கத்தைவிடத் தாழ்வாகவும் இருந்தால் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் நலமாகப் பெருகும். மூன்று நான்கு வாரங்களில் சிவப்பணுக்கள் அழிந்துபோய் இனச்செல்கள் மட்டும் எஞ்சும். அந்த நிலையில் மூன்று காரியங்களைத் தவறாமல் செய்ய வேண்டும். வாசா, டாசல் ஆகிய இனச்செல் மரபணுக்கள் வெளிப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெட்டைக்கு மட்டுமே உள்ள டபிள்யூ குரோமோசோமுக்கான பி.சி.ஆர். (குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) மூலம் அந்தச் செல் வரிசை ஆணா பெண்ணா என்று உறுதிசெய்ய வேண்டும்; சில குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். பால் அறிதலை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஆண் இனச்செல்கள் ஆண் கருவிலும் பெண் இனச்செல்கள் பெண் கருவிலும் வைக்கப்படும்போதுதான் நன்றாக முதிர்கின்றன. சேவலின் விந்தகத்துக்குள் வைக்கப்பட்ட பெண் இனச்செல்கள் இயல்பான விந்தணுக்களாக மாறுவது மிக அரிது. பால் பொருந்தாமையால் ஓராண்டு உழைப்பு வீணாவதை ஒரே ஒரு பி.சி.ஆர். சோதனை தடுத்துவிடும்.

மரபணுவைப் புகுத்துவதற்கு பிக்கிபேக், டோல்2 ஆகிய டிரான்ஸ்போசான்கள் இரண்டும் இச்செல்களில் நன்கு இயங்குவது 2012இல் காட்டப்பட்டது. குறிப்பிட்ட இடத்தில் மாற்றம் வேண்டுமானால் கிரிஸ்பர் என்னும் டி.என்.ஏ. வெட்டும் கருவி உண்டு. எதைப் பயன்படுத்தினாலும், மாற்றிய செல்களைக் கூட்டமாகவே ஊசியில் ஏற்றுவதைத் தவிர்த்து, ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ந்த வரிசைகளைப் பிரித்தெடுத்து, செருகல் எத்தனை பிரதிகள், எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. இரு குரோமோசோம்களுள் ஒன்றில் மட்டும் செருகல் உள்ள செல்லிலிருந்து உருவாகும் விந்தணுக்களில் பாதியில்தான் புதிய மரபணு இருக்கும். இரண்டிலும் மாற்றம் உள்ள வரிசையைத் தேர்ந்தால், அச்செல் தரும் விந்தணுக்கள் அனைத்திலும் மாற்றம் இருக்கும். கிரிஸ்பர் கொண்டு செய்யும் சிறு திருத்தங்களில் இத்தகைய வரிசையைப் பெறுவது இயலக்கூடியதே. அதற்காகக் கூடுதலாகச் செலவிடும் ஒரு மாதம், பின்னால் பொரிக்க வேண்டிய குஞ்சுகளைப் பாதியாகக் குறைக்கும்.

மரபணுவை இயக்கும் முன்பகுதியைத் தேர்வதிலும் கடத்தலைக் கருத்தில் கொள்ள வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவில் மட்டும் புரதம் உருவாகும்படி ஓவல்புமின் முன்பகுதியை அமைத்தால், சேவலில் அந்த மரபணு அமைதியாக இருக்கும். ஆனால் குஞ்சுகளுக்குக் கடத்தப்படும். புரதத்தைத் தேடினால் எதுவும் கிடைக்காது, டி.என்.ஏ.வைத்தான் தேட வேண்டும். 2015 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செபெலிபேஸ் ஆல்ஃபா என்னும் மருந்து மரபணு மாற்றிய கோழிகளின் வெள்ளைக்கருவிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. அரிய நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகள் நம்பியிருக்கும் மருந்து அது. ஒரு மரபணு தலைமுறை தலைமுறையாக மாறாமல் போய்ச் சேர வேண்டியதன் அருமை அப்படிப்பட்ட இடத்தில்தான் நன்கு புரிகிறது.

ஏற்பிக் கருவைத் தயார்செய்தல்

மாற்றிய செல்களை ஏற்கப்போகும் கருவுக்குச் சொந்த இனச்செல்களும் உண்டு. இரண்டும் இடத்துக்காகப் போட்டியிடும். ஏற்பியின் செல்களைக் குறைக்காமல் விட்டால், கொடைச் செல்களின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போகலாம். புசல்ஃபான் என்னும் மருந்தாலோ குறைந்த அளவுக் கதிர்வீச்சாலோ அவற்றைக் குறைப்பது பழைய முறை. இதில் கருவின் உயிருக்கும் ஆபத்து உண்டு. இனச்செல்களே உருவாகாத, அல்லது வேண்டும்போது இனச்செல்களை மட்டும் அழிக்கக்கூடிய ஏற்பிக் கோழிகளைப் பயன்படுத்துவது புதிய முறை. வாசா மரபணு செயலிழந்த பெட்டைகள் சொந்த அண்டம் இல்லாதவை. 2021இல் ரோஸ்லின் குழு வெளியிட்ட முறையில், இனச்செல்களில் மட்டும் தற்கொலைப் புரதமொன்றை வெளிப்படுத்தும் ஏற்பிக் கருக்களுக்குள் மருந்தோடு சேர்த்துக் கொடைச் செல்களைச் செலுத்துகிறார்கள். ஏற்பியின் சொந்தச் செல்கள் மடிந்து, சேவலிலும் பெட்டையிலும் கொடைச் செல்கள் மட்டுமே வளர்கின்றன. அவ்விரண்டையும் இணைசேர்த்தால், இரு குரோமோசோம்களிலும் மாற்றம் கொண்ட ஹோமோசைகஸ் குஞ்சுகளை முதல் தலைமுறையிலேயே பெற முடிகிறது. இந்த ஏற்பிகள் கிடைக்கும் இடத்தில் இருப்பவர் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. கிடைக்காதவர்கள் அடுத்துச் சொல்லும் இறகு நிற உத்தியைக் கட்டாயம் கையாள வேண்டும்.

வெள்ளை லெகார்ன் இனத்தில் நிறத்தை ஒடுக்கும் ஓங்கு மரபணு இருக்கிறது. பார்டு பிளிமத் ராக் இனத்தில் அது இல்லை. பார்டு ராக் கருவிலிருந்து எடுத்த இனச்செல்களை லெகார்ன் கருவில் வைத்து, வளர்ந்த லெகார்ன் சேவலைப் பார்டு ராக் பெட்டைகளோடு சேர்த்தால், ஏற்பியின் விந்தணுவால் பிறந்த குஞ்சுகள் வெளிறியும், கொடைச் செல்லின் விந்தணுவால் பிறந்தவை கருமையாகவும் இருக்கும். பொரிப்பானின் கதவைத் திறந்த கணத்திலேயே எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று கண் சொல்லிவிடும். எந்தக் கருவியும் வேண்டாத இந்த அடையாளம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டுவருகிறது. இதைவிட நம்பகமான முதற்கட்ட வடிகட்டியை நான் அறியேன்.

ஊசியிடும் வேலை விரல்களின் பயிற்சியைச் சார்ந்தது. ஏற்பி முட்டைகளை 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வைத்து, படிநிலை 14 முதல் 16க்குள் வரும்போது வெளியே எடுங்கள். நேரத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், கருவின் முதுகோரம் வரிசையாகத் தோன்றும் உடற்கண்டங்களை எண்ணிப் பாருங்கள். அந்த நிலைகளில் அவை 22 முதல் 28 வரை இருக்கும். ஓட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத சாளரத்தைத் திறந்து, மெல்லிய கண்ணாடி ஊசியால் 1,000 முதல் 5,000 வரையிலான செல்களை ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர் அளவில் முதுகுப் பெருந்தமனிக்குள் மெதுவாக விடுங்கள். காற்றுக்குமிழ் உள்ளே போனால் கரு பிழைப்பது கடினம். சாளரத்தைக் காற்றுப் புகாமல் மூடி, மீண்டும் அடைகாப்பில் வையுங்கள். சாளரம் திறந்த முட்டைகளில் பொரிப்பு விகிதம் குறையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்டு, தேவையைவிட அதிக முட்டைகளோடு தொடங்குவது நல்லது. இருபத்தோராம் நாள் பொரித்தவுடன் ஒவ்வொரு குஞ்சுக்கும் இறக்கையில் எண்பட்டை கட்டிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

தொடக்கப் பறவைகளைச் சோதித்தல்

இங்கே ஒரு தவறு மீண்டும் மீண்டும் நடக்கிறது. தொடக்கப் பறவையின் இரத்தத்தை எடுத்து பி.சி.ஆர். செய்து, எதிர்மறை என்று கண்டதும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். இனச்செல் வழியில் உருவாக்கிய பறவையில் மாற்றிய செல்கள் விந்தகத்தில் இருக்குமேயன்றி இரத்தத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை. நல்ல பறவையைக் கைவிடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. வைரஸ் முறையில் இதற்கு எதிர்மாறான ஏமாற்றம் நேரும்: இரத்தம் நேர்மறையாக இருக்கும், விந்து எதிர்மறையாக இருக்கும். எம்முறையானாலும் சோதிக்க வேண்டியது விந்துதான்.

சேவல்கள் 20 முதல் 24 வாரங்களில் பருவம் எய்தும். முதுகையும் அடிவயிற்றையும் வருடி விந்தைச் சேகரிக்கும்போது, எச்சமும் இரத்தமும் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விந்திலிருந்து பிரித்த டி.என்.ஏ.வில், புதிய மரபணுவோடு கோழியின் இயல்பான மரபணு ஒன்றையும் சேர்த்து அளவறி பி.சி.ஆர். செய்தால், எந்தச் சேவல் முன்னணியில் இருக்கிறது என்ற தரவரிசை கிடைக்கும். அதைத் தரவரிசையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடத்தல் விகிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடத்தல் விகிதத்தைக் குஞ்சுகள்தான் சொல்ல முடியும். பெட்டைகளைத் தொடக்கப் பறவைகளாக வைப்பதில் இந்த வசதி இல்லை. நாளுக்கு ஒரு முட்டைக்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஒரு சேவலோ பல பெட்டைகளின் வழியாக ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்குத் தந்தையாகலாம். எனவே ஏற்பி முறை இடமளித்தால் சேவல்களையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைச் சேர்க்கையும் எத்தனை குஞ்சுகள் என்ற கணக்கும்

பெட்டைக் கோழியின் சினைக்குழாயில் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் உள்ளன. ஒருமுறை சேர்ந்தபின் இரண்டு மூன்று வாரங்கள் வரை அது கருவுற்ற முட்டைகளை இடும். முன்னர் வேறு சேவலோடு இருந்த பெட்டையைச் சோதனைக்கு எடுத்தால், பிறக்கும் குஞ்சுக்குத் தந்தை யார் என்பதே ஐயமாகிவிடும். சேவலை அறியாத இளம் பெட்டைகளைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் குறைந்தது மூன்று வாரம் தனியே வைத்து, கருவுறாத முட்டைகளே வருகின்றன என்று ஒளி வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகு தொடங்குங்கள். செயற்கை முறையில் வாரம் ஒருமுறை விந்து செலுத்தினால் போதும். அன்றைய முட்டையை இட்டு முடித்த பிற்பகல் வேளையே அதற்கு உகந்தது, ஏனெனில் ஓடு கட்டிய முட்டை உள்ளே இருக்கும்போது விந்தணுக்கள் மேலேறுவது தடைபடும். செலுத்திய இரண்டாம் நாளிலிருந்து வரும் முட்டைகளைச் சேகரித்து, 15 முதல் 18 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரத்துக்கு மேற்படாமல் வைத்திருந்து ஒன்றாக அடைகாப்பில் வைக்கலாம்.

எத்தனை குஞ்சுகளைச் சோதித்த பின் ஒரு சேவலைக் கடத்தாதது என்று முடிவு செய்யலாம்? ஊகத்தால் விடை சொல்லக் கூடாத கேள்வி இது. ஒரு சேவலின் விந்தணுக்களில் 10 விழுக்காட்டில் மரபணு இருந்தால், குறைந்தது ஒரு நேர்மறைக் குஞ்சையாவது 95 விழுக்காடு உறுதியோடு காண 29 குஞ்சுகள் வேண்டும். 5 விழுக்காடாயின் 59. ஒரு விழுக்காடாயின் 299. இருபது குஞ்சுகளைப் பார்த்துவிட்டு ஒரு சேவலைக் கைவிடுபவர், பத்தில் ஒரு விந்தணு மரபணு சுமக்கும் சேவலைக்கூட எட்டு முறைக்கு ஒருமுறை இழந்துவிடுவார். இறகு நிறம் துணைக்கு இருந்தால் 299 என்ற எண் அச்சுறுத்தாது. கரிய குஞ்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். ஒற்றைச் செருகல் கொண்ட செல் வரிசையாக இருந்தால், அந்தக் கரிய குஞ்சுகளிலும் பாதியில் மட்டுமே மரபணு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கரிய குஞ்சுகள் பல பிறந்தும் ஒன்றில்கூட மரபணு இல்லையென்றால், சேவலைக் குறை சொல்வதற்கு முன் உறைய வைத்த செல் குப்பிக்குத் திரும்புங்கள். ஊசியில் ஏற்றிய செல்களில் மாற்றப்படாதவை கலந்திருக்கக்கூடும்.

முதல் தலைமுறையைப் படித்தல்

குஞ்சு பொரித்தபின் ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்வில் போதிய டி.என்.ஏ. இருக்கிறது, குஞ்சைத் தொடாமலேயே முதல் சோதனையை முடிக்கலாம், ஆனால் எந்த ஓடு எந்தக் குஞ்சுடையது என்று தெரிய ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிக் கூண்டில் பொரிக்க வைக்க வேண்டும். பின்னர் உறுதிசெய்ய ஒரு துளி இரத்தம் போதும், ஏனெனில் பறவைகளின் சிவப்பணுக்களுக்கு உட்கரு உண்டு. ஒவ்வொரு பி.சி.ஆர். தொகுதியிலும் மாற்றப்படாத கோழியின் டி.என்.ஏ.வும், டி.என்.ஏ. இல்லாத வெறும் நீரும், கோழியின் இயல்பான மரபணு ஒன்றும் இடம்பெற வேண்டும்.

முதல் தலைமுறைப் பறவை ஒரே விந்தணுவிலிருந்து பிறந்ததால் அதன் எல்லாச் செல்களிலும் செருகல் இருக்கும். கலப்புப் பறவையின் குழப்பம் இத்தோடு முடிகிறது. இனி மெண்டலின் விதிகள் பேசும். அந்தப் பறவையை மாற்றப்படாத இணையோடு சேர்த்து 40 குஞ்சுகள் பெற்றால், ஒற்றைச் செருகலாயின் 20 நேர்மறை எதிர்பார்க்கலாம். 14 முதல் 26 வரை வந்தாலும் அது தற்செயல் வேறுபாடே. 30ஐ நெருங்கினால் தொடர்பற்ற இரண்டு செருகல்கள் உள்ளன என்று ஐயுறுங்கள், அப்போது நான்கில் மூன்று பங்கு நேர்மறையாக வரும். எண்ணிக்கை 14க்குக் கீழே வெகுவாக இறங்கினால், செருகல் கருவின் உயிரைப் பாதிக்கிறதா என்று பொரிக்காத முட்டைகளையும் திறந்து சோதிக்க வேண்டும். பொரித்த குஞ்சுகளை மட்டும் எண்ணுபவர் இந்தச் செய்தியைத் தவறவிட்டுவிடுவார். ஆண் பெண் எண்ணிக்கையையும் தனித்தனியே எழுதுங்கள். பறவைகளில் சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உண்டு. நேர்மறைப் பெட்டையை இயல்பான சேவலோடு சேர்த்தபோது ஆண் குஞ்சுகள் அனைத்திலும் மரபணு இருந்து, பெண் குஞ்சுகள் ஒன்றில்கூட இல்லையென்றால், செருகல் இசட் குரோமோசோமில் அமர்ந்திருக்கிறது. இது குறையன்று, குஞ்சின் பாலை முட்டையிலேயே பிரித்தறிய விரும்புவோருக்கு இதுவே தேவையான அமைப்பு. ஆனால் தெரியாமல் போனால் வம்சத்தின் கணக்கு முழுவதும் குழம்பிவிடும்.

ஹோமோசைகஸ் வம்சமும் அதற்குப் பின்னும்

ஒரே செருகலைச் சுமக்கும் முதல் தலைமுறைச் சேவலையும் பெட்டையையும் சேர்த்தால், இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு ஹோமோசைகஸாக வரும். அவை பெரும்பாலும் ஒரே தந்தையின் பிள்ளைகளாக இருப்பதால் உட்கலப்பின் தீங்கு சேரும்: பொரிப்பு குறையும், முட்டையிடுதல் தளரும். எனவே முதலில் ஒரு தலைமுறை வெளி இணைகளோடு சேர்த்து, செருகலைப் பல தாய்களின் வழியில் பரவவிட்டு, அதன்பின் நேர்மறைகளைத் தமக்குள் சேர்ப்பது என் பரிந்துரை. ஐந்தாறு மாதங்கள் கூடும். ஆனால் பின்னால் தோன்றும் கோளாறு செருகலால் வந்ததா, உட்கலப்பால் வந்ததா என்ற கேள்வி எழாது. ஹோமோசைகஸ் என்று பிரதி எண்ணிக்கை காட்டும் பறவையை இயல்பான இணையோடு சேர்த்து, பிறக்கும் இருபது குஞ்சுகளும் நேர்மறையாக வருகின்றனவா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மரபணு கடத்தப்பட்டும் பேசாமல் போகும் சிக்கல் ஒன்று உண்டு. டி.என்.ஏ. ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்கும். வெளிப்பாடு மட்டும் மங்கிக்கொண்டே வரும். ரெட்ரோவைரஸின் சொந்த முன்பகுதியைச் சார்ந்த அமைப்புகளில் இது மிகுதி. கோழியின் பீட்டா குளோபின் பகுதியிலிருந்து எடுத்த, அக்கம்பக்க டி.என்.ஏ.வின் தாக்கத்தைத் தடுக்கும் தொடரை மரபணுவின் இருபுறமும் வைப்பதும், செருகலுக்குப் பாதுகாப்பான இடத்தை முன்பே தேர்வதும் இதைக் குறைக்கும். ஆகவே இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் டி.என்.ஏ. சோதனையோடு நிற்காமல், புரதத்தின் அளவையும் ஒரே வயதுப் பறவைகளில் அளந்து ஒப்பிட வேண்டும்.

வம்சம் நிலைபெற்றதும் அதைக் கொட்டகையில் உள்ள பறவைகளை மட்டும் நம்பி விடாதீர்கள். ஒரு நோய் வந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும். கோழி அண்டத்தையும் கருவையும் உறையவைத்து மீட்பது இயலாத காரியம். விந்தை உறையவைக்கலாம், ஆனால் மீட்டபின் கருவுறும் திறன் வெகுவாகக் குறையும், பெட்டை வழியின் டபிள்யூ குரோமோசோமும் அதில் வராது. எனவே ஹோமோசைகஸ் வம்சத்தின் சேவல் கருக்களிலிருந்தும் பெட்டைக் கருக்களிலிருந்தும் புதிதாக இனச்செல்களை வளர்த்து, இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் உள்ள திரவ நைட்ரஜன் கலன்களில் வைத்துவிடுங்கள். குப்பியின் மேல் வம்சத்தின் பெயர், செருகலின் இடம், பால், தலைமுறை எண், நாள் ஆகியவற்றை அழியாத மையால் எழுதுங்கள். ஆண்டுக்கொருமுறை ஒரு குப்பியை உருக்கி, செல்கள் உயிரோடு பெருகுகின்றனவா என்று பார்த்து, பதிவேட்டில் நாளோடு குறித்துக்கொள்ளுங்கள்.